சொல்லாமல் விட்ட மாத்திரை

மக்களே, என்னை உங்களுக்குத் தலைவலிக்காரனாகத்தான் தெரியும். நெற்றியில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கதவைச் சாத்திக் கிடப்பேன். நீங்கள் சத்தம் போடாமல் விளையாடுவீர்கள். அந்தத் தலைவலிக்கும் முன்னால் எனக்கு மனசில் ஒரு நோய் வந்தது. அதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை. உங்களில் யாருக்காவது பின்னால் உதவும் என்று எழுதுகிறேன்.

தென்காசியில் ஓர் அரிசி மில்லில் நெல் எடை போடுகிற வேலை எனக்கு. மூத்தவள் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்குப் பேச்சு நின்றுபோனது. யார் மேலும் கோபமில்லை, துக்கமுமில்லை. சோறு வைத்தால் தின்பேன், வைக்காவிட்டால் கேட்கமாட்டேன். என் அண்ணன், அதாவது உங்கள் பெரியப்பா, செங்கோட்டையில் ரயிலேற்றித் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போய் மனநோய் டாக்டர் ஒருவரிடம் காட்டினார். அவர் கொடுத்த மாத்திரையில் பேச்சு திரும்பியது. வேலைக்கும் போனேன். எதைத் தொட்டாலும் நடுவில் ஒரு சாக்குத்துணி கிடப்பதுபோல இருந்தது, அவ்வளவுதான்.

மாத்திரை விஷயம் வீட்டைத் தாண்டக்கூடாது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். உங்கள் அத்தைக்கு இனிமேல்தான் மாப்பிள்ளை பார்க்க வேண்டியிருந்தது. கூடப்பிறந்தவனுக்கு மனசு சரியில்லை என்று தெரிந்தால் யார் பெண்ணெடுப்பார்கள்?

சில வருஷம் கழித்து ஒற்றைத் தலைவலி வந்தது. முதலில் கண்ணுக்குள் வெளிச்சம் நெளியும். பிறகு ஒரு பக்கத்து நெற்றி தெறிக்கும், வாந்தி வரும். மில்லில் நெல் அவிகிற வாடை பட்டாலே ஆரம்பித்துவிடும். நான் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மூட்டை தூக்குகிறவர்கள், "அண்ணாச்சி மண்டைக்குள்ள தனியா ஒரு மில்லு ஓடுதுல்லா" என்பார்கள். அவர்களோடு நானும் சிரிப்பதுண்டு. தலைவலியைச் சொல்வதில் வெட்கமில்லை, அது எல்லாருக்கும் வருவது.

தென்காசியிலேயே ஒரு டாக்டரிடம் போனோம். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுவதுண்டா என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் பெரியப்பா இல்லை என்று சொல்லிவிட்டார். வலி தொடங்கும்போது போட ஒரு மாத்திரை எழுதித் தந்தார் டாக்டர். வலி முதலில் அதற்குக் கேட்டது. பிறகு வலி அடிக்கடி வந்தது, நானும் அடிக்கடி போட்டேன். கடைசியில் போடாத நாளே இல்லை, வலிக்காத நாளும் இல்லை. வேலைக்குப் போவது பாதியாகக் குறைந்தது. முதலாளி வேறு ஆள் பார்க்கப் போவதாகப் பேச்சு வந்தது.

பெரியப்பா யோசித்து, மனசுக்குத் தின்கிற மாத்திரைதான் சூடாகித் தலைக்கு ஏறுகிறது என்று முடிவு கட்டினார். அதை நிறுத்தச் சொன்னார். புத்தி கலங்கியவர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிவந்து எண்ணெய் தேய்த்து அருவியில் நிறுத்துவது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். சாரல் காலம் தொடங்கியிருந்தது. ஊரே அருவிக்குப் போகிற நாளில் நீ எதற்குப் போகிறாய் என்று ஒருத்தன் கேட்கமாட்டான் என்பது அவர் கணக்கு. நானும் சரி என்றேன். அப்போது எதற்கும் சரிதான் சொல்வேன்.

காலை பஸ்ஸில் போவோம். தலையில் எண்ணெய் சொட்டச் சொட்ட அருவிக்கடியில் என்னை நிறுத்திப் பிடரியைப் பிடித்துக்கொள்வார்.

"ஏலே, தலையக் குடு. கொஞ்சம் பொறுத்துக்கோ, ரெண்டும் போயிரும்."

தண்ணீர் வலிக்கிற இடத்திலேயே விழுந்தது. பாறையில் குனிந்து வாந்தியெடுத்தேன். பக்கத்தில் குளித்தவர், "இட்லிய ரெண்டு கொறைச்சுத் தின்னுருக்கலாம்" என்றார். நோய் வெளியே வருகிறது என்றார் பெரியப்பா. அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது. அவர் என்மேல் வைத்த பிரியத்தில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

சாரல் முடிவதற்குள் மறுபடி பேச்சு நின்றது. தலைவலி நிற்கவில்லை.

பெரியப்பா எலுமிச்சை வியாபாரமாகப் புளியங்குடி போயிருந்த ஒருநாள், உங்கள் அம்மா என்னைக் கையைப் பிடித்து அதே தென்காசி டாக்டரிடம் கூட்டிப்போனாள். கம்பவுண்டர் அங்கேயே நின்றார். அவர் வடகரைக்காரர். அத்தைக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீடும் வடகரைதான். அது உங்கள் அம்மாவுக்கும் தெரியும்.

"டாக்டரய்யா, இவிய மனசு சரியில்லாததுக்கு ரொம்ப நாளா மாத்திரை சாப்பிட்டாவ. உங்ககிட்ட மறைச்சிட்டோம். இப்ப அதையும் நிறுத்தி, அருவியில கொண்டு நிறுத்தி, ஆளே இப்படி ஆயிட்டாவ. தலையப் பாத்தா மனசு போயிருது. எனக்கு ரெண்டும் வேணும்யா."

டாக்டர் திட்டவில்லை. முதலிலேயே தெரிந்திருந்தால் வேறு மாதிரி பார்த்திருப்பேன் என்று மட்டும் சொன்னார். தலைவலி மாத்திரையைத் தினமும் போட்டால் அதுவே வலியைக் கொண்டுவரும் என்று அதை நிறுத்தினார். திருவனந்தபுரத்து டாக்டருக்கு எழுதிக் கேட்டார். பழைய மாத்திரைக்குப் பதில், அப்போது புதிதாக வந்திருந்த ஒன்றை ராத்திரியில் போடச் சொன்னார்கள். அது மனசுக்கானதுதான், சிலருக்குத் தலைவலியையும் குறைக்கிறது என்றார்கள். வாய் வறண்டது. பகலெல்லாம் தூக்கம் அழுத்தியது. மெதுவாகப் பேச்சு வந்தது. பிறகு தலைவலி வாரத்துக்கு ஒருமுறை, மாதத்துக்கு ஒருமுறை என்று தள்ளித் தள்ளிப் போனது. வலி வருகிற அன்றைக்கு மட்டும் போட வேறு மாத்திரை கொடுத்தார்.

வடகரைச் சம்பந்தம் நின்றுபோனது. காரணம் கேட்க யாரும் போகவில்லை. பெரியப்பா உங்கள் அம்மாவோடு வெகுநாள் பேசவில்லை. அத்தைக்கு மறுவருஷம் சுந்தரபாண்டியபுரத்தில் அமைந்தது. கல்யாணத்தன்று பந்தியில் நின்று பரிமாறினேன். சந்தோஷப்பட வேண்டிய நாள் என்று தெரிந்தது. தெரிந்ததோடு சரி.

அதற்குப் பிறகு டாக்டரிடம் போனபோது, தலைவலி எப்படி என்று கேட்டார். குறைவு என்றேன். மனசு எப்படி என்றார். யோசித்துப் பார்த்தேன்.

"வேலைக்குப் போறேன்யா. பிள்ளைகள் பேசினா பதில் சொல்லுதேன். அழுகையும் வரல, சிரிப்பும் பெருசா வரல."

அது ராத்திரி மாத்திரையாலும் இருக்கலாம், அதைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாமா, குறைத்தால் தலைவலி திரும்ப வந்தாலும் வரலாம் என்றார். நான் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். சொல்ல வேண்டியது நான்தான் என்று அவள் விட்டுவிட்டாள்.

"இப்படியே இருக்கட்டும்யா" என்றேன்.

அவர் அதே மாத்திரையை எழுதினார்.