பார்வையாளர் நேரம்

“நான் இல்லாம அந்த வார்டு ஒரு நாள் ஓடாது” என்று மருமகளிடம் மார்தட்டிவிட்டுத்தான், ஓய்வு பெற்ற பெரிய சிஸ்டர் ஒப்பந்தத்தில் மறுபடி ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாள். ஒப்பந்தக்காரர்களுக்கு வெள்ளைச் சீருடை கிடையாதாம். வீட்டுச் சேலையோடு போய் நின்றாள்.

ஒருகாலத்தில் இவளிடம் திட்டு வாங்கி அழுதவள்தான் இப்போது அங்கே தலைமை நர்ஸ். பழிவாங்கியிருந்தாலாவது ஒரு பாட்டம் சண்டை போட்டிருக்கலாம். பாவி, தேனொழுகப் பேசினாள்: “நீங்க உக்காருங்க மேடம், நாங்க பாத்துக்கிறோம்.” ஒரு ஊசியைக்கூடத் தொட விடவில்லை. சாயங்காலம் வரை பெரிய சிஸ்டர் ஒரு நோயாளியின் கட்டிலோரத்து ஸ்டூலில் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தது. புதுக் காவலாளி வந்தான்.

“பாட்டி, மணி அடிச்சாச்சுல்ல? கெளம்புங்க, கெளம்புங்க.”

இதே வார்டில் எத்தனை பேரை இவள் இப்படி விரட்டியிருப்பாள்! தலைமை நர்ஸைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மகராசி மருந்துத் தட்டில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள். பெரிய சிஸ்டர் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வீட்டு வாசலிலேயே மருமகள் கேட்டாள்: “முகமே வாடிப்போச்சே, வேலை ஜாஸ்தியா அத்தை?”

“அதை ஏன் கேக்கறே, உக்காரக்கூட விடலை.”