சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல்

மலையூரான கொட்டகலையை எட்டியபோது என் மின்சாரக் காரில் சார்ஜ் கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. அங்கிருந்த ஒரே வேக சார்ஜர் வேறொரு கார் கம்பெனியுடையது. விரட்டிவிடுவார்களோ என்ற பயத்துடன்தான் சார்ஜர் இருந்த ஏற்றத்தில் காரை நிறுத்தினேன்.

கம்பளித் தொப்பியும் முழங்கால் வரை தொங்கும் கோட்டும் போட்ட காவல்காரர், கருங்கல் ஒன்றை இரு கைகளாலும் தூக்கி வந்தார். லொறி கிளீனர்களைப் போல அதைப் பின்சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்தார்.

"இது உங்க கம்பெனி கார் இல்லீங்க. சார்ஜ் போடலாமா?"

"எந்தக் கம்பெனியா இருந்தா என்னாங்க? வண்டி ஏத்தத்துல நிக்குது. மொதல்ல கல்லு வைக்கணும்ல?"

"இது தானாவே நிக்குங்க, நகராது."

"நல்லதுங்க," என்றார். கல்லை எடுக்கவில்லை. சார்ஜ் ஏறி முடியும்வரை அடிக்கடி வந்து, அது அசைகிறதா என்று காலால் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

போன மாதம் மறுபடி அந்தப் பக்கம் போனேன். அவர் இல்லை, விசாரிக்கவும் ஆளில்லை. கல் மட்டும் சுவரோரம் மழையில் நனைந்து கிடந்தது. தூக்கி வந்து சக்கரத்துக்குப் பின்னால் வைத்தேன். வயரை மாட்டியபின், காலால் ஒருமுறை தட்டியும் பார்த்தேன்.