நுவரெலியாக் குளிரும் எங்கள் மீன் பெட்டியும்

டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளோடு இலங்கையிலிருந்து காஷ்மீருக்குப் பனி பார்க்கப் போனோம். எங்களை அனுப்பிய கல்முனைப் பயண ஏஜென்டிடம் பனியில் நடக்கக் காலுக்கு எந்தச் சப்பாத்துப் போடுவதென்று மூன்று தரம் கேட்டேன்.

"நம்மட நுவரெலியா மலைக் குளிர்தான் தங்கச்சி. கென்வஸ் சப்பாத்தே காணும்" என்றார்.

மீன் வியாபாரியான என் கணவரும், "நாளெல்லாம் ஐஸோட கெடக்கிற எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். நம்பிவிட்டேன்.

பனியில் அரை மணி நேரம் விளையாடிய ஆறு வயது மகள் என்னிடம் வந்து, "உம்மா, என்ட காலைக் காணல்ல" என்றாள். கென்வஸ் ஊறி, விரல்கள் மெழுகுபோல வெளுத்திருந்தன. தேநீர்க் கடைக்காரப் பெண் ஒருத்தி அந்தப் பாதங்களைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்ட பிறகே உணர்வு திரும்பியது. அப்போது மகள் கத்திய கத்தலை நான் மறக்கவில்லை.

ஊர் திரும்பியதும் ஏஜென்ட் எங்கள் வீட்டுக்கே வந்தார். விளம்பரத்துக்கு, பயணத்தைப் புகழ்ந்து நாங்கள் பேசும் ஒரு வீடியோ வேண்டுமாம். ஐஸ் நிரம்பிய மீன் பெட்டியை, அண்ணன் முறைக்கு நான் காக்கா என்றழைக்கும் அவர் முன்னால் இழுத்து வைத்தேன்.

"காலை வைங்க காக்கா. நுவரெலியாக் குளிர்தான்."

விளையாட்டென்று நினைத்து வைத்தார். நான் போனில் படம்பிடித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "ஏலா தங்கச்சி, ஏலா!" என்று துள்ளி எழும்பினார். பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்ற கணவரிடம், "அடுத்தது நீங்க" என்றேன்.

இப்போது ஊரில் யார் பனி பார்க்கப் புறப்பட்டாலும், அவர்களின் பிள்ளைகளுடைய சப்பாத்துக்குள் துணி திணித்து, அதே பெட்டியில் வைத்துப் பார்க்கிறேன். துணி நனைந்தால் வேறு சப்பாத்து வாங்கச் சொல்கிறேன். ஏஜென்ட் யாரென்றும் கேட்கிறேன். அவர்தான் என்றால் வீடியோவையும் காட்டுகிறேன். அவர் கேட்ட விளம்பரம்தானே!