மச்சினன் உட்கார்ந்த மூலை

மீனவன் விவசாயம் செய்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டவர்கள் திருப்பாலைவனம் பக்கம் நான் குத்தகைக்கு எடுத்த நிலத்துக்கு வந்திருக்கலாம். எங்கள் குப்பத்து ஆட்கள் வந்தார்கள். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, என் காசில் டீயும் குடித்துவிட்டுப் போனார்கள்.

என் மச்சினன் போன படகு ஏரி முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. படகு கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. அன்றோடு என் மனைவி என்னைப் படகேற விடவில்லை. "கரையில இன்னா வோணா பண்ணு. தண்ணியில கால வெச்சே, நான் இருக்க மாட்டேன்" என்றாள். அதனால்தான் இந்தக் குத்தகை நிலமும் சோயாப் பயிரும். இதுவும் போனால் படகைத் தவிர வேறு வழியில்லை. அது அவளுக்கும் தெரியும்.

விதை முளைத்தது. வெயிலுக்கு வாடிவிடுமே என்று, பிடித்த நண்டை உயிரோடு வைத்திருக்கப் போடுவதுபோல, நனைத்த சாக்கைப் போட்டு மூடினேன். காலையிலும் மாலையிலும் தண்ணீர் தெளித்தேன். நண்டாக இருந்திருந்தால் கொழுத்திருக்கும்.

ஒரு காலையில் பள்ளமான மூலையில் நாற்றுகள் சாய்ந்து கிடந்தன. மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு பழுப்பாகி, நூலாக இளைத்து, யாரோ நகத்தால் கிள்ளிப் போட்டதுபோல இருந்தது. ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அகலம். மறுநாள் அது இன்னும் பெரிதாகியிருந்தது.

"என் தம்பிதான்யா" என்றாள் மனைவி. "ஈரத் துணியோட வந்து குந்திட்டுப் போறான்."

"வரப்புல குந்தச் சொல்லுமே. பயிரு மேலயா குந்துவான்?"

அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த மூலையை நானும் சுற்றிக்கொண்டுதான் போனேன்.

வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்து, ஒரு செடியைப் பிடுங்கி அழுகிய வேரைக் காட்டினார்.

"மண்ணுல இருக்கற பூஞ்சை. தண்ணி தேங்கினா நாத்தை அழுக வெச்சிடும். சாக்கு யாரு போட்டது?"

"நண்டு புடிக்கிறவன்ம்மா" என்றேன், யாரையோ சொல்வதுபோல.

அழுகியதைப் பிடுங்கி எரிக்கச் சொன்னார். மூலையை வெட்டித் தண்ணீரை வடிக்க வேண்டும். புது விதையில், அழுகல் பூஞ்சையை அடக்கும் டிரைக்கோடெர்மா பொடியைக் கலந்து, மேட்டுப்பாத்தியில், ஆழமில்லாமல் விதைக்க வேண்டும். மேல்மண் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர்.

மண்வெட்டியோடு போனால், மூலையில் மனைவி நின்றிருந்தாள்.

"இங்க வெட்டாத."

"வெட்டலன்னா மொத்தமும் பூடும்மே. அப்பால நான் படகுதான்."

ஏரி இருக்கும் திசையைப் பார்த்தாள். பிறகு விலகினாள். "மெதுவா வெட்டுய்யா."

தண்ணீர் கால்வாய்க்கு வடிந்தது. மறுபடி விதைத்தோம். இந்த முறை நாற்றுகள் நின்றன. அந்த மூலையிலும் நின்றன. படகு இனி இல்லை என்று ஆகிவிட்டது.

மனைவி தினமும் விடிந்ததும் முதலில் அந்த மூலைக்குத்தான் போகிறாள். காய்ந்த மண்ணையும் நிமிர்ந்த செடிகளையும் பார்த்துவிட்டு, "இன்னிக்கும் வர்ல" என்பாள்.

அவள் போன பிறகு குனிந்து, ஒரு செடியாவது சாய்ந்திருக்கிறதா என்று நானும் தேடுகிறேன்.