பூளைப்பூத் திருடன்

எங்கள் சொந்த ஊரான கல்லாவிப் பக்கம் பூளைச் செடியைக் களை என்று பிடுங்கி வரப்பில் எறிவார்கள். அதையே நான் ஓசூரில், மாடியில், பெயின்ட் வாளியில் மண் போட்டு, வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். அப்போது எனக்கு எட்டு வயது. கிறுக்கு என்று நீங்கள் சொல்வதற்கு முன்பே அம்மா சொல்லிவிட்டாள்.

எல்லாம் காப்புக்கட்டுக்காகத்தான். போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூவோடு பூளைப்பூவையும் சேர்த்து வாசலில் செருகாவிட்டால் எங்கள் பக்கம் பொங்கலே வராது. முந்தின வருஷம் சந்தையில் வாங்கிய கட்டு வதங்கிக் கிடந்ததைப் பார்த்து, அடுத்த காப்புக்கு என் பூதான் என்று வீடு முழுக்கச் சவால் விட்டிருந்தேன். மார்கழியில் செடி வெள்ளை வெள்ளையாகப் பூத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் வந்தது வினை. தினம் ஒரு கொத்து காணாமல் போயிற்று. வீட்டுக்கார அம்மாவின் கோழிமேல் பழி போட்டேன். அவர் தெலுங்கில் என்னைத் திட்டிக்கொண்டே கோழியைக் கூடையில் கவிழ்த்து வைத்தார். மறுநாளும் ஒரு கொத்து போயிருந்தது.

அதற்கடுத்த நாள் காலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். எங்களோடு தங்கி, கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த சித்தப்பா, ஷிப்ட் முடிந்து வந்தவர், நேராக மாடியேறி என் பூவைக் கிள்ளினார். ஓடிப்போய் சட்டையைப் பிடித்தேன்.

“வயித்து வலி பாப்பா, கசாயம் வெச்சிக் குடிக்கறேன். கம்பெனியில பர்மனென்ட் பண்றதுக்கான மெடிக்கல் முடியற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத. ஊர்லருந்து மூட்டையா பறிச்சிகிட்டு வர்றேன்.”

மூட்டை யாருக்கு வேண்டும்? என் பூவல்லவா காப்பில் இருக்க வேண்டும்? அழுது தீர்த்தேன். ஆனால் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்ததைப் பார்க்கப் பயமாக இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

போகியன்று வாளியில் மொட்டைக் குச்சிதான் நின்றது. சவால் என்ன ஆயிற்று என்று அப்பா சிரித்தார். சித்தப்பா சிரிக்காமல், அந்தக் குச்சியை ஊர்ப் பூவுக்கு நடுவில் வைத்துக் கட்டினார்.

தை பிறந்து மெடிக்கலும் முடிந்தது, வேலை நிரந்தரமாயிற்று. அன்று சாயங்காலம் என் கையில் ஒரு தீப்பெட்டியைத் திணித்தார்.

“எல்லாம் உன் செடி குடுத்ததுதான், பாப்பா.”

உள்ளே கேழ்வரகு அளவில் ஒரு பழுப்புக் கல். என் செடி கொடுத்த கல்! பென்சில் டப்பாவில் வைத்து வகுப்பு முழுக்கக் காட்டினேன். உயிர்த்தோழிக்கு மட்டும் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கொடுத்தேன். அந்தக் கல் சித்தப்பாவிடமிருந்து எந்த வழியாக வெளியே வந்தது என்று பாவம், அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.