மண்டையில் வைத்த காந்தம்

ரோஷன் பீவியின் வாயில் வலப்பக்கம் நாலு பல் இல்லை. நாலும் நல்ல பல். கன்னத்தில் வலி என்று போனவளுக்கு ஒரு பல் டாக்டர் மகராசன் பல்லைப் பிடுங்கினான். வலி போகவில்லை என்றதும் பக்கத்துப் பல்லையும் பிடுங்கினான். நாலாவதோடு அவளே போதும் என்று எழுந்து வந்துவிட்டாள். கருமம், கருமம்!

அவள் வீட்டுக்காரர் நசுருதீனுக்கு உத்திரமேரூர் பஜாரில் பாத்திரக் கடை. குடம் வாங்க வருகிறவனெல்லாம் அங்கே வைத்தியன். கிராம்புத் தைலம் தடவு என்பான் ஒருவன், தாயத்து கட்டு என்பான் இன்னொருவன். அவளுக்கோ முகம் கழுவினால் வலி, காற்றுப் பட்டால் வலி, ஒரு வாய் சோறு மென்றால் உயிர் போகும். வெளியே வீக்கமில்லை, காயமில்லை. அதனால் யாரும் நம்பவில்லை. "வேலைக்குப் பயந்துக்கினு நடிக்கிது" என்று சொந்தக்காரர்களே அவள் காதுபடச் சொன்னார்கள். நாக்கா அது!

2007இல் சென்னை டாக்டர் ஒருவர்தான் கோளாறு பல்லில் இல்லை, வலியை உணர்கிற மூளையிலும் நரம்பிலும் இருக்கிறது என்றார். தலைமேல் காந்தச் சுருளை வைத்துப் பார்ப்போம்; கத்தி கிடையாது, ஊசி கிடையாது; முழுசாகப் போகும் என்று சத்தியம் பண்ண மாட்டேன் என்றார். பொய் சொல்லாத மனுஷன் என்று அவளுக்குப் பிடித்துப்போயிற்று. சுருளை வைத்ததும் மண்டையில் மரங்கொத்தி கொத்துகிற மாதிரி டக்டக்கென்று தட்டியது. சில வாரம் போய்வந்தாள். வலி பாதியாகக் குறைந்தது. கறிச்சோற்றை மென்று தின்றாள்.

அதற்குள் பஜார் முழுக்கச் சேதி: பாய் சம்சாரத்துக்குப் பைத்தியம், மண்டையில் கரண்ட் வைக்கிறார்கள்.

மகள் ஃபர்ஹானாவுக்குச் செங்கல்பட்டில் பேசி முடித்து, நிக்காஹ் தேதி குறிக்க வேண்டியதுதான் பாக்கி. பையனை மகளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பையனின் அம்மா ஷாஹீதா ஆட்களோடு வேனில் வந்திறங்கினாள். பிரியாணியை மூக்குமுட்டத் தின்றுவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. தாய்க்கு மூளக் கோளாறுன்றாங்க. நாளைக்கி பொண்ணுக்கும் வந்தா இன்னா பண்றது?"

"அது பைத்தியத்துக்கு வெச்சது இல்லீங்க. வலிக்கு வெச்சது" என்றாள் ரோஷன் பீவி.

"எதுவா இருந்தா இன்னா? எங்களுக்கு இந்த சம்பந்தம் வாணாம்."

உள் அறையில் ஃபர்ஹானா விசும்புவது கேட்டது. ரோஷன் பீவி எழுந்து சமையற்கட்டுக்குப் போனாள். கை கழுவுகிற சாக்கில் ஷாஹீதாவும் பின்னாலேயே வந்தாள். இப்போது குரல் கிசுகிசுத்தது.

"எனக்கும் இந்தக் கன்னத்துல சுரீர்சுரீர்னு இழுத்துக்கினே கீது. எங்க வூட்ல யாருக்கும் தெரியாது. அந்த டாக்டர் நம்பரு குடுங்களேன். வெளிய சொல்லிடாதீங்க."

ரோஷன் பீவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். த்தூ, இதுவும் ஒரு பொம்பளையா! ஆனால் அந்த வலி எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால் அருவருப்பு இன்னும் கூடியது.

"கண்டிப்பா குடுக்கிறேன். கூடத்துக்கு வாங்க. எல்லார் எதிர்லயும், எனக்கும் அதே வலிதான்னு சொல்லிக் கேளுங்க."

ஷாஹீதா கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துக் கன்னத்தை மூடிக்கொண்டு, கூடத்தைத் தாண்டி நேராகப் போய் வேனில் உட்கார்ந்துகொண்டாள்.