கொண்டக்டர் கனகசிங்கம் தேடிய குடி

கனகசிங்கம் மாமா அரச பஸ்ஸில் முப்பத்தொரு வருடம் கொண்டக்டராக இருந்தவர். மனிதரிடம் கேட்பதற்கு அவரிடம் இரண்டு கேள்விகள்தான் இருந்தன: எங்கே ஏறினது, எங்கே இறங்குவது. அவருடைய மகள் கேதீஸ்வரியைக் கலியாணம் செய்ய விரும்புகிறேன் என்று சொல்வதற்காக நான் முதன்முதலாகத் தேற்றாத்தீவுக்குப் போனபோது, முற்றத்தில் நின்றவர் நான் வாய் திறப்பதற்கு முன்பே கேட்டார்.

"எங்க ஏறின தம்பி?"

"களுவாஞ்சிகுடியில."

"சீற் கிடைச்சிதா?"

"இல்ல. நிண்டுதான் வந்தன்."

"இந்த நேரத்தில கிடைக்காது" என்று சொல்லிவிட்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். சம்மதம் என்பதை அப்பா அப்படித்தான் சொல்லுவார் என்று கேதீஸ்வரி பிறகு விளக்கினாள்.

சம்மதிக்காதவர் என் அம்மா. அம்மாவுக்கு ஒரே கேள்வி: பெண் என்ன குடி?

எங்கள் பக்கத்தில் குடி என்கிற குலப்பிரிவு தாய்வழியாக வருவது. தகப்பன் எந்தக் குடியாக இருந்தாலும் பிள்ளைக்கு அது ஒட்டாது. ஒரே குடியில் பிறந்தவர்கள் ஒருவரையொருவர் கண்ணால் கண்டிராவிட்டாலும் அண்ணன் தங்கச்சிதான். நாங்கள் வேலாப்போடி குடி. கேதீஸ்வரி வேறு எந்தக் குடியாகவும் இருக்கலாம், அதுவாக மட்டும் இருக்கக் கூடாது.

கேதீஸ்வரியின் குடி, அவளைப் பெற்ற இலட்சுமிப்பிள்ளை மாமியின் குடி. மாமி இறந்து ஆறு வருடமாகியிருந்தது. எழுபத்தெட்டுச் சூறாவளியில் எட்டு வயதில் தாய் தகப்பன் இருவரையும் இழந்து, மட்டக்களப்பில் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்தவர் அவர். தாயின் பெயர் ஆச்சிப்பிள்ளை, ஊர் கரடியனாற்றுப் பக்கம். அவருக்குத் தன்னைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குப் பயந்து சனங்கள் ஓடிக்கொண்டிருந்த ஒரு நாளில் மாமா அவரைச் செங்கலடிச் சந்தியில் கண்டிருக்கிறார். பிறகு, அகதி முகாமாக இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் தாலி கட்டியிருக்கிறார். அங்கே யாரும் குடி கேட்கவில்லை. சாப்பாட்டு வரிசைக்குக் கோப்பை வைத்திருக்கிறீர்களா என்றுதான் கேட்டார்களாம்.

"குடி தெரியாமச் செய்யேலா மனே" என்றார் அம்மா. "நாளைக்கு அவள் உனக்குத் தங்கச்சியா இரிந்தா நான் ஆருக்கு முகம் காட்டுற?"

"இல்லாம இரிந்தா?"

"அதத்தானே கேட்டுக்கிட்டு வரச் சொல்றன். ஆவணிக்குள்ள தெரியோணும். இல்லாட்டி நான் பாத்து வச்ச வந்தாறுமூலைப் பொம்பிளைய முடிக்கிற."

மாமா ஓய்வு பெற்ற மாதம் அது. செய்தியைக் கேட்டவர் கடைக்குப் போய் ஒரு தடித்த கொப்பி வாங்கி வந்தார். குடும்ப வழி தேடத் தொடங்குபவர்கள் தங்களிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போக வேண்டும் என்று கேதீஸ்வரி இணையத்தில் வாசித்து, ஒரு படிவத்தையும் அச்செடுத்துக் கொடுத்தாள். அதில் முதல் பெட்டி தகப்பனுக்கு. அதற்கு மேல் தகப்பனின் தகப்பன். மாமா ஒரு மணித்தியாலம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல பின்கதவால ஏத்துறாங்க" என்று சொல்லிப் படிவத்தை மடித்து வைத்துவிட்டார்.

கொப்பியில் அவர் தன் முறையில் வரைந்தார். ஒரு நீண்ட கோடு, அதுதான் வீதி. கோட்டின் மேல் தரிப்பிடங்கள். ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஒரு பெயர், பெயருக்குக் கீழே ஏறிய இடம், இறங்கிய இடம். இறந்தவர்கள் இறங்கியவர்கள். கலியாணம் முடித்து வந்தவர்கள் இடையில் ஏறியவர்கள். கோட்டின் தொடக்கத்தில் ஆச்சிப்பிள்ளை என்று எழுதினார். அதற்கு முன்னே தாள் வெறுமையாக இருந்தது.

ஆச்சிப்பிள்ளையைப் பற்றித் தேட அவர் கண்டுபிடித்த வழி, பிற்பாடு ஊரெல்லாம் பேசப்பட்டது. எங்களிடத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளில் நினைவு மலர் அடித்துக் கொடுப்பார்கள். அட்டையில் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, கடைசிப் பக்கத்தில் வம்ச வழி. "ஒரு ஆள் செத்தாத்தான் அவரப் பெத்த தாய்ட பேர அச்சடிக்கிறாங்க" என்றார் மாமா. "அப்ப செத்த வீட்டுக்குத்தான் போகோணும்."

போனார். பேப்பரில் மரண அறிவித்தலைப் பார்த்து நாள் குறித்து, செங்கலடியிலிருந்து கரடியனாற்றுக்குப் போகும் பதுளை வீதி நெடுக எந்த வீட்டில் முப்பத்தொன்று நடந்தாலும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய் இறங்கினார். அவர் பொய் சொன்னதில்லை. யாராவது "நீங்க ஆரு?" என்றால், "தேற்றாத்தீவில இரிந்து வாறன்" என்பார். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். தாய்வழியார் இவரைத் தகப்பன்வழி என்று நினைத்தார்கள், தகப்பன்வழியார் இவரைத் தாய்வழி என்று நினைத்தார்கள். இரண்டு பக்கத்தாரும் இலை போட்டுச் சாப்பாடு வைத்தார்கள்.

ஒரு வீட்டில் அவரை இரண்டு வார்த்தை பேசச் சொல்லி ஒலிவாங்கியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். மாமா அதை வாய்க்கருகே பிடித்து, "அண்ணன் மிதிபலகையில நிண்டு வந்தத நான் ஒருநாளும் காணல்ல" என்றார். இறந்தவரின் மனைவி விம்மி அழுதாராம். அவருடைய பஸ்ஸில் யாருமே மிதிபலகையில் நிற்க முடியாது என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது.

மலரோடு நினைவுப் பொருளும் கொடுப்பார்கள், பெரும்பாலும் இறந்தவரின் பெயரும் ஊரும் வெட்டிய எவர்சில்வர் கோப்பை. நான் போகும் போதெல்லாம் புதிதாக இரண்டு மூன்று கோப்பைகள் இருக்கும். கேதீஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டும்போது, "உங்களுக்கு இலுப்படிச்சேனை நாகம்மா. அப்பாவுக்குக் கொடுவாமடு வேலுப்பிள்ளை" என்று சொல்லித்தான் தருவாள்.

நான்கு மாதத்தில் அறுபத்து மூன்று மலர்கள் சேர்ந்தன. அவற்றில் பதினான்கு ஆச்சிப்பிள்ளைகள் இருந்தார்கள். பதின்மூன்று பேர் சூறாவளிக்கு முன்போ வெகு காலம் பின்போ படுக்கையில் இறந்தவர்கள். பதினாலாவது ஆள் வம்ச வழியில் இல்லை, கரடியனாற்றில் இறந்த ஒரு அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாக வந்தார். "சூறாவளியில் மறைந்த அயல்வீட்டு ஆச்சிப்பிள்ளையின் எருமைகளையும் தன் எருமைகள் போலப் பராமரித்தவர்."

மாமா அந்த வரியைச் சிவப்புப் பேனையால் கோடிட்டு எனக்குக் காட்டினார். அடுத்த நாள் இருவரும் கரடியனாற்றுக்குப் பஸ் ஏறினோம்.

இறந்த அம்மாவின் கணவர் இளையதம்பி. எண்பதை நெருங்கியவர், எருமைப் பட்டி வைத்திருப்பவர். மாமாவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "முப்பத்தொண்டுக்கு வந்த நீங்கதானே. வாங்க, வாங்க" என்றார். மாமா உட்கார்ந்து, தான் ஆச்சிப்பிள்ளையின் மகளை முடித்தவன் என்று சொன்னார். இளையதம்பி எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எருமை ஒண்டும் இல்ல" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு எருமை கத்தியது.

"நான் எருமை கேட்டு வரல்ல அண்ணன்."

"நாப்பத்தி நாலு வருசத்துக்குப் புறகு வேற என்னத்துக்கு வாற?"

"எருமையெல்லாம் உங்களுக்குத்தான். எனக்குப் பின்பக்கத்தப் பாத்தாப் போதும்."

இளையதம்பி என்னைப் பார்த்தார். கூட வந்த ஆளுக்குச் சுகமில்லையா என்று கேட்கும் பார்வை அது.

மாமா விளக்கினார். பட்டிக்காரர்கள் கன்றுக்குக் குறி சுடும்போது ஒரு தொடையில் சொந்தக்காரரின் எழுத்தையும் மற்றத் தொடையில் அவருடைய குடியின் குறியையும் சுடுவது அந்தக் கால வழக்கம். கன்று தாயின் குறியைத்தான் பெறும்.

இளையதம்பி வாசலை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். "அவங்க வெளியில இரிந்து வந்து காடு வெட்டி இரிந்த சனம். என்ன குடி எண்டு நாங்க கேக்கல்ல. புருசனும் பொஞ்சாதியும் ஒரே ராவில போயிட்டாங்க. எருமை மட்டும் மிஞ்சிச்சு. அதுகள்ட கண்டுக்கும் தாய்ட தொடையப் பாத்து அந்தக் குறியத்தான் இண்டைக்கும் ஆள் வச்சுச் சுடுறன், கீறிக் காட்ட எனக்கு வராது. என்ட குறியச் சுட்டா அது களவெல்லுவா?"

ஆச்சிப்பிள்ளையின் குறி உள்ள எருமைகளில் அன்று பக்கத்தில் நின்றது ஒன்றுதான். நின்றது என்பது சரியல்ல. குளத்தோரச் சேற்றில் பாதி உடம்பு புதையப் படுத்திருந்தது. மாமாவும் நானும் கூப்பிட்டோம், கைதட்டினோம். அது எங்களைப் பார்த்து அசை போட்டது. தொடையில் சேற்றுக்கு மேலே தெரிந்த அளவை மாமா போனில் படம் எடுத்தார். ஒரு வளைவு.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். "வில்லு" என்றார். "இது எங்கட குறி."

அன்று பின்னேரம் கேதீஸ்வரி எனக்கு அனுப்பிய செய்தி: "அண்ணா, சாப்பிட்டாச்சா?" அவள் அழுதுகொண்டுதான் அதை அனுப்பினாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அதன்பின் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. இவ்வளவு நாளும் கேதீஸ்வரியின் பெயரைக்கூடச் சொல்லாதிருந்த அம்மா, மறுநாள் ஒரு சேலையும் பலகாரமும் எடுத்துக்கொண்டு தேற்றாத்தீவுக்குப் போனார். தாயில்லாத பெண், தன் குடிப் பிள்ளை, தான் பார்க்காவிட்டால் யார் பார்ப்பது என்று. அவளுக்குத் தலை வாரிவிட்டார். எங்கள் வீட்டுச் சாவியில் ஒன்றைக் கொடுத்தார். ஒரு கிழமைக்குள் அவளுக்கு மாப்பிள்ளையும் பார்த்துவிட்டார், பாங்கில் வேலை செய்யும் பொடியன், வேறு குடி. எனக்கு வந்தாறுமூலை.

"தங்கச்சிட கலியாணம் முதல்ல" என்று அம்மா என்னிடம் சொன்னார். "நீ அண்ணன்காரன். பந்தல் வேலையப் பாரு."

மாமா அந்தக் கிழமை முழுவதும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எட்டாம் நாள் எனக்கு அழைத்தார்.

"மனே, பாதி கிழிஞ்ச டிக்கட்ட நான் ஒருநாளும் ஏத்துக்கிட்டதில்ல. வெளிக்கிடு."

இந்த முறை ஒரு வாளியும், தும்புக் கட்டும், சவுக்காரமும் கொண்டுபோனோம். அதே எருமை அதே சேற்றில் கிடந்தது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். தொடையில் தும்பு பட்டதும் எருமை எழுந்தது, மாமா விழுந்தார். எருமை குளத்தைச் சுற்றி ஓடியது. மாமா சவுக்காரத்துடன் பின்னால் ஓடினார். இளையதம்பி கரையிலிருந்து, "முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க" என்று கத்தினார். மாமா வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்குச் சொன்ன வார்த்தை அது. அவர் சேற்றில் நின்று அதைக் கேட்டுச் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

கடைசியில் இளையதம்பி வந்து கழுத்தைத் தடவிக்கொடுக்க, எருமை நின்றது. மாமா தேய்த்தார். வளைவு வந்தது. தேய்த்தார். வளைவுக்குக் கீழே ஒரு வட்டம் வந்தது. வட்டத்துக்குள் ஒரு கோடு. வில்லில் வட்டம் கிடையாது.

மாமா உடனே புறப்படவில்லை. சேற்றோடு கரையில் குந்தியிருந்து, "இதுட தாய் எது?" என்று கேட்டார். இளையதம்பி சொன்னார். அதன் தாய்? அதையும் சொன்னார். மாமா கொப்பியில் ஒரு புதிய கோடு போட்டுத் தரிப்பிடம் தரிப்பிடமாக எழுதிக்கொண்டு போனார். சூறாவளிக்குத் தப்பி நின்ற கறுப்பி வரை ஏழு தலைமுறை. மாமிக்கு அவரால் ஒரு தலைமுறைதான் எழுத முடிந்திருந்தது.

கொப்பியையும் புதுப் படத்தையும் அம்மாவின் முன்னால் வைத்தோம். அம்மா படத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பார்த்தார். எருமையின் ஏழு தலைமுறையை விரல் வைத்து வாசித்தார். பிறகு வெற்றிலைப் பெட்டியைத் தேடினார்.

"இது சங்கரத்தான் குடி" என்றார்.

கேதீஸ்வரி எனக்குத் தங்கச்சி இல்லை.

"நல்ல பொடியனாப் பாத்து வச்சிரிந்தன்" என்றார் அம்மா. எருமை தன்னை ஏமாற்றிவிட்டது போன்ற குரல். "பாங்கில வேலை. இப்ப அவங்களுக்கு என்னத்தச் சொல்ற?"

"சீற் இல்லையெண்டு சொல்லுங்க" என்றார் மாமா.

ஆனி மாதத்தில் கலியாணம் நடந்தது. எங்கள் வழக்கப்படி நான் கேதீஸ்வரியின் வீட்டுக்குப் போனேன். மூன்று வருடம் மாமாவோடு ஒரே கூரையின் கீழ் இருந்தேன். அந்த மூன்று வருடமும் அவர் முப்பத்தொன்றுகளுக்குப் போவதை நிறுத்தவில்லை. இனி என்னத்துக்கு என்று கேட்டால், "அவங்க எதிர்பாப்பாங்க" என்பார்.

போன மாதம் மாமா இறந்தார். பதுளை வீதிப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ்களில் சனம் வந்தது. யார் நீங்கள் என்று வாசலில் கேட்டவர்களிடம், ஊரின் பெயரைச் சொல்லி அங்கிருந்து வருகிறோம் என்று மட்டும் சொன்னார்கள். நாங்கள் தலையாட்டினோம்.

இப்போது அவருடைய மலரை நான் எழுதுகிறேன். முப்பத்தொன்றுக்கு அழைப்பு அனுப்ப, அம்மா கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊரை வாசிக்கிறார், கேதீஸ்வரி உறையில் எழுதுகிறாள். வம்ச வழிப் பக்கத்துக்கு மாமாவின் கொப்பியையே அப்படியே கொடுப்பதென்று முடிவு செய்தோம். இலட்சுமிப்பிள்ளை மாமியின் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் அவர் தன்னைப் பற்றி எழுதியிருந்தார். கனகசிங்கம். ஏறிய இடம்: செங்கலடிச் சந்தி. இறங்கிய இடம் என்பதற்கு நேரே ஒன்றுமில்லை.

நான் பேனையை வைத்துக்கொண்டு இருந்ததை அம்மா பார்த்தார்.

"தேற்றாத்தீவு எண்டு எழுது மனே" என்றார்.

எழுதினேன். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் எருமையின் ஏழு தலைமுறை. அச்சகத்தில் இதையும் போடுவதா என்று கேட்டிருந்தார்கள். அம்மா ஒரு கோப்பையைத் துடைத்து வைத்துவிட்டுக் கொப்பியை எட்டிப் பார்த்தார்.

"போடு. அவர் போன பயணம் அதுலதானே இரிக்கி" என்றார். "கறுப்பிட பேரக் கொஞ்சம் பெருசாப் போடச் சொல்லு."